மேல்கணக்குப் பல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கொம்பு போட வேண்டிய இடத்தில் கால் போட்டுவிடுவேன். மறதியும் கூடிவிட்டது. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, எதற்கு வைத்தேன் என்று தெரியாமல் வாசலில் போய் நிற்கிறேன். வாசிகசாலை மலருக்கு, வேலை செய்த இடத்தைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் தேயிலைக் கொழுந்தெடுத்த கதையைத்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அதற்குப் பிறகு ஹட்டன் டவுனில் வேலை செய்த பல் டிஸ்பென்சரியைப் பற்றி எழுதுகிறேன். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு வலி வந்து கொழுந்தெடுக்க மலைக்குப் போக முடியாமல் ஆனபோது, தெரிந்தவர் ஒருவர் அங்கே கூட்டிப் போய் விட்டார். ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடி. கூட்டுவது, துடைப்பது, பல் பிடுங்குகிற சாமான்களைக் கழுவி, கிருமி சாக அவிக்கிற பெட்டிக்குள் வைப்பது, இவைதான் என் வேலை. கவுண்டரில் ஒரு பெண்பிள்ளை இருந்தது. டிஸ்பென்சரிக்குச் சொந்தக்காரர் டொக்டரம்மா. அவர் வட்டவளைப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், பிறந்து படித்து வந்தவர். என்னைவிட வயதில் இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது கூச்சமாக இருக்கும்.

முதல் நாள் காலையில், கதவு திறப்பதற்கு முன்னால் எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டும் என்றார்கள். நான் ஓரமாகப் போய், கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றேன். டொக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்னக்கா, பெரட்டுல நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க?"

பெரட்டு என்றால் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி, யார் யாருக்கு எந்த வேலை என்று பிரித்து விடுகிற இடம். நேற்றைய வேலைக்கு ஏச்சு வாங்குகிற இடமும் அதுதான்.

"எங்கப்பா பெரட்டுல வாங்குன ஏச்சு எனக்கும் தெரியும்க்கா," என்றார் டொக்டரம்மா. "பேரு நல்லாத்தான் இருக்கு. இனிமே இதுதான் நம்ம பெரட்டு. ஆனா இங்க ஏச்சுக் கெடையாது. நேத்து என்னா பிசகிச்சுன்னு ஆளாளுக்குச் சொல்லணும். மொதல்ல நான் சொல்றேன். நேத்து அந்தக் கெழவர் ரெண்டாந் தரம் கேட்டப்ப சுள்ளுன்னு விழுந்துட்டேன். அவரு மூஞ்சி சுண்டிப்போச்சு. இன்னைக்கு மருந்து வைக்க வருவாரு, மன்னிப்புக் கேக்கணும்."

அடுத்து கவுண்டர்ப் பிள்ளை, தெரிந்தவர் என்று ஒருவரை முந்தி உள்ளே விட்டதைச் சொன்னாள். என் முறை வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். வேலை வாங்குகிற ஒருவர் தன் பிழையைத் தானே சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

நான் வாய் திறக்க ரொம்ப நாள் ஆனது. அவிக்கிற பெட்டி வேறு மாதிரிச் சத்தம் போடுகிறது என்று ஒரு நாள் மெதுவாகச் சொன்னேன். டொக்டரம்மா அன்றைக்குக் கதவைத் திறக்கவில்லை. படிக்கட்டு முழுக்க ஆட்கள். கண்டியிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். நான் வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனேன். மறுநாள் பெரட்டில் டொக்டரம்மா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சந்தேகம் வந்துச்சு, அக்கா சொன்னாங்க. அவ்வளவுதான் வேணும். சரியா தப்பாங்கிறது மெக்கானிக் பாக்குற வேல." அந்த வார்த்தையை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கொஞ்ச காலத்துக்குப் பிறகு சின்ன டொக்டர் வந்தார். தோட்டத்தில் பெரிய துரை, சின்னத் துரை என்கிற மாதிரி நாங்களாக வைத்த பெயர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மெலிந்த உடம்பு, நல்ல கை. அவருக்குத் தமிழ் தெரியும், எங்களுக்கும் தமிழ் தெரியும், அதனால் பேச்சில் ஒரு சிக்கலும் வராது என்று எல்லோரும் நினைத்தோம். அவர் பேசுவதைக் கேட்டுக் கவுண்டர்ப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"டொக்டர், 'கதைக்கிறன்'னு சொல்லுங்க பாப்போம்."

"ஏன், நீங்கள் கதைக்கிறேல்லையோ?"

"நாங்க பேசுவோம் டொக்டர்."

பெட்ரோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. கரண்ட் நினைத்த நேரத்துக்குப் போகும். அப்படி ஒரு நாள் டொக்டரம்மா வரவில்லை. கண்டிக்குப் போயிருக்கிறார் என்றார்கள், எதற்கென்று தெரியாது. சின்ன டொக்டர் தனியாக இருந்தார். கூட்டம் படிக்கட்டில் நின்றது. கரண்ட் இல்லாததால் பல்லைப் படம் பிடிக்கிற மெஷினும் வேலை செய்யவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்த்தார்.

கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மஸ்கெலியா போகிற பாதையில் ஒரு தோட்டம், கொழுந்தெடுக்கிறவள். வாயைச் சரியாகத் திறக்க முடியாத அளவுக்கு வீக்கம். வெற்றிலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் கறை, அங்கங்கே சொத்தை. கவுண்டர்ப் பிள்ளை வெளியே கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்த் தொட்டியடியில் நின்றேன்.

பிறகு சின்ன டொக்டர் தானே சொன்னதை வைத்து எழுதுகிறேன். அவர் கேட்டது இதுதான்: "எவடம் அம்மா?"

அவர்கள் பக்கம், எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்க அது போதும். அவளுக்கோ டொக்டர் தன் ஊரைக் கேட்கிறார் என்று பட்டது. "மேல்கணக்குங்க" என்றாள். எங்கள் தோட்டங்களில் மேல் பிரிவை மேல்கணக்கு என்போம், கீழ்ப் பிரிவைக் கீழ்கணக்கு என்போம். வீங்கின வாயில் அந்தச் சொல் பாதிதான் வெளியே வந்திருக்கும்.

"மேலயோ?"

"ஆமாங்க. மேலதாங்க."

அந்த டொக்டர்ப் பிள்ளை அவசரப்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுத்தான் செய்தது. மேலேயும் ஒரு சொத்தை இருந்தது. ஊசி போட்டு அதைப் பிடுங்கினார். வலி இருந்தது கீழ்ப் பல்லில்.

அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டு படியிறங்கிப் போன பிறகு, கிண்ணத்தில் கிடந்த பல்லை அவர் ஜன்னலடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். வேர் சுத்தமாக இருந்ததாம். அப்படி வீங்குகிற பல்லின் வேர் அப்படி இருக்காதாம். வெளியே வந்து கவுண்டர்ப் பிள்ளையிடம் கேட்டார்.

"அந்த அம்மா மேல் எண்டுதானே சொன்னவா?"

"மேல்கணக்குதான் டொக்டர். என்கிட்டயும் சொன்னாங்க. அவங்க லயம் அங்கதான்."

"லயமோ?"

அவள் சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டாள். டொக்டருக்கு அப்போதுதான் விளங்கியது. அவள்தான் மெதுவாகச் சொன்னாள்: "யாரும் கேக்க மாட்டாங்க டொக்டர். அதுவும் சொத்தப் பல்லுதானே. அவங்க பாட்டுக்கு மறுபடி வருவாங்க, அப்ப கீழ உள்ளதை எடுத்துருங்க."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சின்ன டொக்டரின் வேலை போய்விடுமே என்ற பயத்தில் சொன்னாள். அவள் சொன்னதும் உண்மை. எங்கள் ஆட்கள் டொக்டரிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள். வலித்தால் தலைவிதி என்று இருந்துவிடுவார்கள். அன்றைக்குச் சாயந்தரம் சின்ன டொக்டர் தேத்தண்ணீரைத் தொடவே இல்லை.

மறுநாள் பெரட்டு. டொக்டரம்மா வந்திருந்தார், முகம் மஞ்சளாக இருந்தது. வழக்கம்போல் அவர்தான் முதலில். "நேத்து நான் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டேன். நான் இல்லாத நேரம் யாரு பொறுப்பு, கரண்ட் இல்லன்னா எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னு ஒன்னும் பேசி வைக்கல. அது என் பிசகு."

அடுத்தது சின்ன டொக்டர். இன்றைக்கு இந்தப் பிள்ளை சொல்லுமா, முழுங்கிவிடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முழுங்கிவிட்டால் நாங்களும் சேர்ந்து முழுங்க வேண்டும். நாளைக்கு அதே இடத்தில் நின்று என்னத்தைச் சொல்வது?

சொல்லிவிட்டார். ஒன்றையும் விடாமல் சொன்னார். கடைசியில், "நான் இண்டைக்கே போறன் டொக்டர்," என்றார்.

டொக்டரம்மா, "அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை."

"அப்ப அது நேத்தோட முடியல. இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. வாங்க போவோம்."

கதவில் 'இன்று மதியம் வரை மூடப்பட்டுள்ளது' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். ஆட்டோவுக்குப் பெட்ரோல் இல்லாததால் பஸ்ஸில் போனோம். பாதை தெரியும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். பஸ்ஸை விட்டிறங்கி மேல்கணக்குக்கு ஏற வேண்டும். டொக்டரம்மா அடிக்கடி நின்றார். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, தேயிலையைப் பார்க்கிற மாதிரி நின்றார். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

அந்தப் பெண் வலியோடு மலைக்கு வந்திருந்தாள். வேலை வாங்குகிற கங்காணி மேலே பார்த்து அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். பக்கத்து நிரையில் நின்றவள் கேலி பண்ணினாள்: "போடி, நேத்துக் குடுத்த பல்லு சரியில்லன்னு திருப்பிக் குடுக்க வந்திருக்காங்க."

அவள் கூடையோடு இறங்கி வந்தாள். கன்னம் முந்திய நாளைவிட வீங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் பயந்துவிட்டாள். "நான் அங்கேருந்து ஒன்னும் எடுத்தாரலீங்க. வாயில வச்ச பஞ்சு மட்டுந்தான்."

"நீங்க ஒன்னும் செய்யல. தப்பு எங்க மேல," என்றார் டொக்டரம்மா. "எங்க டிஸ்பென்சரியில உங்களுக்கு வேற பல்லை எடுத்துட்டோம். வலிக்கிற பல்லு அங்கேயேதான் இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தோம்."

யார் எடுத்தது என்று அவர் சொல்லவில்லை. சின்ன டொக்டர்தான் முன்னால் வந்து, "நான்தான் அம்மா. நீங்கள் சொன்னதை நான் பிழையா விளங்கிக்கொண்டன்," என்றார்.

அவள் எங்களைத்தான் தேற்றப் பார்த்தாள். "பரவால்லீங்க. அவரு ஊசியை மேல போட்டாரு. நான் என்னா நெனச்சேன்னா, வேரு மேலருந்துதான் கீழ எறங்குது போல, டொக்டருக்குத் தெரியாதான்னு..."

"பரவால்லன்னு சொல்லாதீங்கம்மா," என்றார் டொக்டரம்மா.

அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் அவள் முகம் மாறியது. கூடையை இறக்கி வைத்தாள். "பரவால்லன்னு சொல்லாம? ராத்திரி பூரா சுவத்துல முட்டிக்கிட்டு அழுதேனே, அது எந்தக் கணக்குல போகும்? மேல்கணக்கா, கீழ்கணக்கா?"

பக்கத்து நிரைக்காரி கூடச் சிரிக்கவில்லை.

"எங்க கணக்குல," என்றார் டொக்டரம்மா. "இந்தப் பல்லு சரியாகுற வரைக்கும், எடுத்த பல்லுக்குப் பதிலா ஒன்னு வைக்கிற வரைக்கும், எங்க கணக்கு. இப்ப எங்க கூட வாங்க. கங்காணிகிட்ட நான் பேசுறேன்."

அவள் வந்தாள். பஸ்ஸில் சின்ன டொக்டர் உட்காரத் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

மறுநாள் பெரட்டில் புதுப் பழக்கம் வந்தது. பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால், வந்தவர் கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தன் விரலால் அந்தப் பல்லைத் தொட்டுக் காட்ட வேண்டும். டொக்டர் அதே பல்லைத் தொட்டுக் கேட்க வேண்டும். பக்கத்தில் எங்களில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். மூன்று பேரும் ஒரே பல்லைச் சொன்னால்தான் ஊசி. டொக்டரம்மா தானும் அப்படியே செய்தார்.

"என் பல்லை நானே காட்டிக் குடுக்கணுமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள் வந்தவர்கள். "எவடம் எண்டு இனிக் கேக்க மாட்டன். விரலை வையுங்கோ," என்பார் சின்ன டொக்டர். அவர் போகவில்லை. போகிறேன் என்ற பேச்சை டொக்டரம்மா கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

டொக்டரம்மாவின் உடம்பு வருத்தத்தையும் பெரட்டில்தான் தெரிந்துகொண்டோம். "வயித்துல கட்டி. நல்ல கட்டி இல்ல," என்று மற்றச் சேதிகளைச் சொல்கிற குரலிலேயே சொன்னார். கவுண்டர்ப் பிள்ளை அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை நின்றுவிட்டு, தனக்குப் பிறகு எப்படி என்று பேசினார். சின்ன டொக்டர்தான் பொறுப்பு. சாமான்கள் சுத்தமில்லை என்று அக்கா சொன்னால் அன்றைக்குப் பல் பிடுங்கக் கூடாது, யார் வந்து நின்றாலும். பெரட்டு ஒரு நாளும் நிற்கக் கூடாது. "நான் இல்லாத நாள்லதான் அது முக்கியம். அன்னைக்கு ஒருநாள் பாத்தோம்ல," என்றார்.

முடிகிற வரை வந்தார். பிடுங்குவதற்குக் கையில் பலம் இல்லாதபோது பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரு நாள் வரவில்லை.

வட்டவளையில் அடக்கம் செய்தார்கள். மழை விடவே இல்லை. மேல்கணக்குக்காரியும் வந்திருந்தாள். டொக்டரம்மா வைத்துக்கொடுத்த பல் வாயில் இருந்தது. சவப்பெட்டியருகில் ரொம்ப நேரம் நின்றாள். என்னிடம் வந்து, "மலைக்கே வந்து சொன்னாங்களே அக்கா. எங்க மலைக்கு யாரு வந்து அப்படிச் சொல்லியிருக்கா?" என்றாள்.

அடுத்த நாள் காலையில் சின்ன டொக்டர் கதவைச் சாத்தி வைத்துப் பெரட்டு நடத்தினார். முதலில் பேச வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர் அந்த இடத்துக்குப் போகாமல், தன் இடத்திலேயே நின்று தன் பிழையை முதலில் சொன்னார். அப்படி நாங்கள் கொஞ்ச காலம் ஓட்டினோம்.

பிறகு அவருக்கும் முடியவில்லை. ஊசி மருந்துக்கு அலைய வேண்டியிருந்தது. ஊரில் அம்மா தனியாக இருந்தார். வெளிநாட்டிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதையும் பெரட்டில்தான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் போறது பிழையோ அம்மா?" என்று என்னைக் கேட்டார். பிழை என்று தோன்றினால் சொல்லலாம் என்பதுதான் எங்கள் பழக்கம். ஆனால் அந்தப் பிள்ளையைப் பார்த்து எப்படிச் சொல்வது? சரி என்றும் சொல்ல முடியவில்லை. "சாப்பாட்டைக் கவனிச்சுக்கங்க தம்பி," என்றேன்.

டிஸ்பென்சரியை வேறு ஆட்கள் எடுத்தார்கள். நல்லவர்கள்தான். சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள், ஜெனரேட்டர் வைத்தார்கள். முதல் நாள் காலையில் நான் நேரத்தோடு போய், வழக்கமான இடத்தில் நின்றேன். கவுண்டர்ப் பிள்ளையும் வந்து பக்கத்தில் நின்றாள். புது மனேஜர் எங்களைப் பார்த்தார்.

"என்ன பாட்டி, இங்க நிக்கிறீங்க? ஏதாச்சும் வேணுமா?"

"இல்லீங்க," என்றேன்.

"அப்ப போய் வேலையப் பாருங்க. கதவு திறக்கணும்."

போய் வேலையைப் பார்த்தோம். அதோடு பெரட்டு நின்றது. இது எங்கள் பழக்கம் என்று வாய் திறந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. கொஞ்ச நாளில் எனக்கும் ஓய்வு கொடுத்து, ஒரு சேலையும் தந்து அனுப்பினார்கள்.

போன மழைக்காலத்தில் எனக்கே கடவாய்ப் பல் வலி. அங்கேதான் போனேன். ஆள் சாய்ந்து உட்காருகிற பழைய கதிரை இல்லை. எனக்குத் தெரிந்த முகமும் இல்லை. டொக்டர் ஒரு வாலிபர். என் பல்லின் படத்தை டீவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்ததும், என் விரல் தன்பாட்டில் போய் அந்தப் பல்லின் மேல் நின்றது.

"கைய எடுங்க பாட்டி," என்றது பக்கத்தில் நின்ற பிள்ளை. "டொக்டருக்குத் தெரியும்."

எடுத்துவிட்டேன். சரியான பல்லைத்தான் பிடுங்கினார். வலிக்கவும் இல்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. படியிறங்கும்போதுதான் கண் நிறைந்துவிட்டது. பஞ்சைக் கடித்திருந்ததால் வாய் விட்டு அழவும் முடியவில்லை. புடைவைக் கடைக்காரர் பல் வலி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. மலரில் போடுவதற்கு முன்னால் ஒருவர் இதைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் கவுண்டர்ப் பிள்ளை கலியாணம் முடித்து வலப்பனைப் பக்கம் இருக்கிறாள் என்று கேள்வி. அவளைக் கண்டுபிடித்து வாசித்துக் காட்டுங்கள். அடக்கத்தன்று மழை பெய்ததா என்று கேளுங்கள். எனக்கு எல்லாவற்றிலும் மழை பெய்கிற மாதிரித்தான் ஞாபகம் வருகிறது. பெரட்டு என்ற பெயரை வைத்தது டொக்டரம்மாதானா என்றும் கேளுங்கள். எங்கேயாவது நான் பிசகாக எழுதியிருந்தால் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் கோபிக்க மாட்டேன்.